இடப்பக்கம் மூன்று சொடுக்கு

அட்டை ஒன்று நாலு டாலர். இரண்டு எடுத்தேன்.
கல்லாவில் இருந்த பெண்
"பிள்ளைக்கா, பள்ளிக்கூட வேலையா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
ஐம்பத்து மூன்று வயதில் கடைகளில் சொல்லும் பொய்களில்
இது ஒன்றும் பெரிதில்லை.

கிம்லியில் ஜனவரி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
கீழறையில், சலவை இயந்திரத்தின் மேல் அட்டையைக் கிடத்தி
ஈரத்துணியால் துடைத்துக் காகிதத்தை உரித்தேன்.
வெயிலில் வெந்த தோள் உரிவது மாதிரி
ஓரிடத்தில் ஒரே இழுப்பில் வந்தது,
ஓரிடத்தில் நகம் போட்டும் வரவில்லை.
மிஞ்சிய வெள்ளை நுரைக்கு எடையே கிடையாது.
தும்மினேன், மூன்றடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

விட்டுப் பதினோரு வருஷம்.
ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால்
சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும் இல்லையா?
இல்லை.
தபால் பிரிக்கும் இரவு வேலை வந்தது. பேட்டரி உப்பியது.
ஒரு சனிக்கிழமை போகவில்லை.
அடுத்த சனிக்கிழமையும்.

பசைத் துப்பாக்கி
பழைய விரலையே தேடிப் பிடித்துச் சுட்டது.
இறக்கையின் முதுகெலும்புக்கு இறைச்சி வாட்டும் மூங்கில் குச்சி.
இறக்கையை உடலோடு கட்ட
கடிதக் கட்டுகளில் வரும் ரப்பர் பேண்டு ஆறு,
அரசாங்கச் சொத்து.
இரண்டு விரல்நுனியில் நிறுத்திப் பார்த்தேன்.
வால் தாழ்ந்தது.
மூக்குக்குள் ஒரு டாலர் நாணயத்தை ஒட்டினேன்.
அதில் பொறித்திருந்த நீர்ப்பறவை
இத்தனை கைகள் மாறியும் ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

ரிமோட்டில் புதுப் பேட்டரி போட்டதும்
திரையில் ஒரு பெயர் எழுந்தது:
கூழைக்கடா.
அந்த ஆகஸ்டில் துறைமுகச் சுவரைத் தாண்டி
ஏரிக்கு மேல் புள்ளியாகி,
பிறகு புள்ளியும் இல்லாமல் போனதே, அது.
எப்போதும் வலப்பக்கம் இழுக்கும்.
ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டித் திருத்தினேன்:
சுக்கானுக்கு இடப்பக்கம்
டிக், டிக், டிக்.
அந்த மூன்றும் அப்படியே இருந்தன.
அழிக்கவா என்று திரை கேட்டது.
காபி போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவினேன்.
இல்லை என்பதை அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை, உறைந்த ஏரியின் மேல் நின்று எறிந்தேன்.
கிளம்பியதுமே இடப்பக்கம் சாய்ந்தது.
போனதன் குறைக்குச் செய்த திருத்தம்
வந்ததற்குக் குறையாகிவிட்டது.
விட்ட குறை தொட்ட குறை என்பார்களே,
அது இத்தனை துல்லியமாக, சொடுக்குக் கணக்கில் வரும் என்று
நினைத்ததில்லை.
மூளை யோசித்து முடிப்பதற்குள்
கட்டைவிரல் வலப்பக்கம் போயிருந்தது.
யார் சொன்னது அதற்கு?

நாலு நிமிஷம்.
பனிமேல் அதன் நிழல் நீலமாக ஓடியது,
நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்,
பல் கூசியபோதுதான் தெரிந்தது.
பிறகு குளிரில் பேட்டரி செத்தது.
போடான் கொஸ்தினியுக்கின் மீன்பிடிக் குடில்மேல் மோதி
நாங்கள் இருவரும் மூக்குடைபட்டோம்.

அவர் வெளியே வந்தார்.
ஒரு கையில் விமானம், மறுகையில் அதன் மூக்கு,
கக்கத்தில் தூண்டில்.
"இது உன்னுடையதா, சிக்ரூன்?"
ஆமாம்.
கடையில் சொன்ன அதே சொல்.
"உள்ளே ஒரு டாலர் இருந்தது" என்றார்.
"இருந்ததா?"
"கூரைக்கு ஆன சேதத்துக்குச் சரியாகப் போயிற்று."
பையில் போட்டுக்கொண்டு
தூண்டிலோடு உள்ளே போய்விட்டார்.

கையுறையைக் கழற்றி
வலப்பக்கம் ஒரு சொடுக்கு வைத்தேன்,
இன்னொன்று.
மூன்றாவதற்குள் விரல் மரத்துவிட்டது.
இருக்கட்டும்.

பசை சூடேற ஐந்து நிமிஷம் ஆகும்.
அட்டை இன்னும் ஒன்று இருக்கிறது.