எண்ணெய்

பெய் ஹோ தெருச் சந்தையிலிருந்து
ஒரு பை கணவாய் வாங்கி வந்தான் சிக்-ஹுங்.
செவ்வாய்க்கிழமை. மணி மூன்றுகூட ஆகவில்லை.
"அச்சகத்தில் கரண்ட் இல்லை" என்றான்.
பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் போகாத கரண்ட்.

பையைத் திறந்தேன்.
கணவாய்க்குப் பெரிய கண்.
அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.

எங்கள் பேச்சில்
வேலை போனால், கணவாய் வறுத்துவிட்டார்கள் என்போம்.
சூட்டில் அது சுருள்வதைக் கவனித்திருக்கிறீர்களா?
கடையிலேயே படுத்துக் கிடந்த அந்தக் காலத்துக் கூலியாள்
கணக்குத் தீர்த்த அன்று
பாயைச் சுருட்டியது அப்படித்தானாம்.
எங்களிடம் பாய் இல்லை.
ஸ்பிரிங் மெத்தை, மூன்று தவணை பாக்கி.
சுருட்டவும் முடியாது.

தண்ணீர் என்றால் எங்களுக்குப் பணம்.
மேல்வீட்டு குவான் துணி துவைக்கும்போதெல்லாம்
கூரை ஒழுகுகிறது,
பர்ஸில் ஒரு சொட்டு இல்லை.
தண்ணீரை ஊதினால் அது வெட்டிப்பேச்சு.
அன்று மத்தியானம் நிறைய ஊதினோம்:
வார இறுதியில் புயல் வருமா,
லிஃப்டில் யாரோ விட்டுப்போன பச்சைக் குடை,
அவன் கடைவாய்ப் பல்.
அச்சகம் மட்டும் வரவேயில்லை.

நாலரைக்கு மகன் வந்தான்.
எலுமிச்சை தின்றானாம் இன்று.
பக்கத்து வகுப்பு சம்-யூட்
முடியாது என்று சொல்லிவிட்டாள் என அர்த்தம்.
பதினான்கு வயது,
புளிப்பு இன்னும் தாடையில் இருந்தது.
"அப்பா ஏன் வீட்டில்?"
"கணவாய்" என்றேன்.
அடுப்பைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.
எந்தக் கணவாய் என்று கேட்கவில்லை.
புத்தகப் பையை இறக்கி
தட்டு மூன்றையும் துடைத்து வைத்தான்.

வாணலியை அவனே பிடித்தான்.
அது புகைய ஆரம்பித்தும் அப்படியே நின்றான்,
கரண்டி ஒரு கையில்,
இன்னொரு கை என்ன செய்வதென்று தெரியாமல்.

"கா யாவ்" என்றேன்.
ஓட்டப் பந்தயத்தில் கத்துவோம் அதை,
பரீட்சை அறை வாசலில்,
பிரசவ வார்டில் எனக்கு அவன் கத்தினான்:
விட்டுவிடாதே, இன்னும் கொஞ்சம்.
சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பதென்னவோ
எண்ணெய் ஊற்று என்பதுதான்.

அவன் எண்ணெய்ப் புட்டியை எடுத்தான்.
ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான்.
தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.
சிரிப்பா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவாய் ரப்பர் மாதிரி வெந்திருந்தது.
"ரப்பர்" என்றான் மகன், இரண்டாம் முறை போட்டுக்கொண்டு.

வாணலியில் மிஞ்சிய எண்ணெயை
ஜாம் பாட்டிலில் வடித்து மூடினேன்.
நாளைக்கு ஆகும்.