இரண்டிலிருந்து நான்கு வரை

ஓவ்லு நகரில், மீன்கடைக்கு மேல்மாடியில்
ஏழு பேர் கம்பெனி எங்களுடையது.
அதில் அதிகம் உழைப்பது
தலை கழுவும் தொட்டி.

மின்முனைகளைப் பற்றவைப்பவள் தூலிக்கி.
தைத்து முடித்த ஒவ்வொரு தொப்பியும்
முதலில் அவள் தலைக்குத்தான்.
காதோரம் காய்ந்த பசையோடே
மகனின் பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள்.

ஜனவரியில் எல்லாத் தலையிலும்
ஒரே நடுக்கம்.
எஸ்கோ மூன்று நாள் கம்பிகளை மாற்றினான்,
விளக்கை அணைத்தான்,
காப்பி மெஷினைச் சந்தேகப்பட்டான்.
நான்காம் நாள் தரையில் காதை வைத்துப் படுத்தான்:
கீழே, சால்மனைக் காக்கும் குளிர்பெட்டி.

"இரண்டிலிருந்து நான்கு வரை நிறுத்துகிறேன்,
பனிக்கட்டி கொட்டிச் சமாளிப்பேன்" என்றாள் கடைக்கார ஹில்யா.
"காசு வேண்டாம். ஒருநாள்
என் தலையையும் பாருங்கள்."

செதில் ஒட்டிய கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.
"நான் நினைப்பதெல்லாம் இதில் தெரியுமா?"
"தெரியாது. கண்ணை மூடினால் தெரியும்."
"அது என் புருஷனுக்கே தெரியும்."

சிரித்ததில் திரை முழுக்கக் கிறுக்கல்.
தாடை அசைந்தால் அப்படித்தான், என்றான் எஸ்கோ.
தூலிக்கி பதிவை நிறுத்தவில்லை.

பிறகு ஹில்யா கண் மூடினாள்.
பின்மண்டையிலிருந்து
நொடிக்குப் பத்து அலை,
ஒன்றையொன்று இடிக்காமல்.

கையேட்டில் ஏழாம் பக்கம் இப்போது அது.
எங்கெங்கோ மாணவர்கள் அதில் விரல் வைத்து எண்ணுகிறார்கள்.
பெயர் போடவில்லை; விதி அப்படி.
சிரித்த எட்டு நொடியை வெட்டியாயிற்று.
கழிவுக் கோப்பில் அது எத்தனையாவது வரிசை என்று
தூலிக்கியைக் கேட்டால் சொல்வாள்.

மணி நான்கு.
பென்சில்கள் மேசையில் லேசாக அதிர்கின்றன.