கடைமடைக்கு 10.6183

தாவூது காயலாங்கடையில் எடைக்குத்தான் வாங்கினேன்.
கல்யாண லட்டுப் பெட்டி போலத் தட்டை, ஒன்பதரைக் கிலோ.
"உள்ள செம்பு இருக்கு சார், பார்த்துப் போட்டுக் குடுங்க."
முதுகில் வெள்ளைப் பெயின்டில் ஒரு துறையின் சொத்து எண்.
என் துறைதான்.

மின்சாரம் கொடுத்ததும் விழித்தது.
தான் யாரென்றுதான் தெரியவில்லை.
கடிகாரச் சில்லுக்குள் வைத்து வார்த்த பேட்டரி
செத்து எத்தனை வருஷமோ. தேதி போய், பெயர் போய்,
முகவரி கேட்டால் எஃப் எஃப் எஃப் என்று
பல் போன வாயால் ஊதியது.
இரும்பறுக்கும் வாளால் சில்லின் தலையைச் சீவி
வாட்ச் கடை பேட்டரி ஒன்றைப் பற்றவைத்தேன்.
ஆறு ஜோடி எண்களைத் தட்டி
இதுதான் நீ என்றேன்.
நம்பியது.

பிறகு செலவு.
ஐம்பது மெகாஹெர்ட்ஸைக் கழற்றிவிட்டு நூற்றைம்பது, அதுவும் இரண்டு.
முப்பத்திரண்டு மெகாபைட் இருந்த இடத்தில் இருநூற்று ஐம்பத்தாறு.
அரைவை மில் மாதிரி இரைந்த வட்டை நகலெடுத்து
நகத்தளவு அட்டைக்குள் இறக்கினேன்.
"இதுல என்னத்தப் பார்க்கப் போறீங்க?" செங்கமலம் கேட்டாள்.
"வேகம்."
"எதோட வேகம்?"
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி முழுக்கப் போகும்வரை யோசித்தும்
பதில் வரவில்லை.

நகலில் ஒரு நிரல் கிடைத்தது, ஃபோர்ட்ரானில்.
மூணாறு தலைப்பில் திறக்கிற தண்ணீர்
கடைமடைக்கு எத்தனை நாளில் போகும் என்கிற கணக்கு.
எழுதியவர் வை.கு. அவ்வளவுதான் தெரியும்.
ஆங்கிலப் பெரிய எழுத்தில் தமிழ்க் குறிப்புகள் வைத்திருந்தார்:
நொண்டி மதகுப் பலகை ஒழுகுகிறது, பத்து சதம் கழி.
இந்த எண் லஸ்கர் சொன்னது, புத்தகத்தை நம்பாதே.
மழைக்குப் பிறகு திருத்த வேண்டும்.
எந்த மழைக்கு என்று இல்லை.

கடைசியாக ஓட்டியது தொண்ணூற்றேழு மே.
பதினோரு மணி இருபத்தாறு நிமிடம்.
விடை, 10.6183 நாள்.

இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையில் கிடைக்கும்?
தலைப்பு திறந்து பதினோராம் நாள் ராத்திரி
ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இரண்டு செயலிகளில் ஒன்று உழைத்தது,
மற்றது பார்த்துக்கொண்டிருந்தது;
எங்கள் ஆபீசில் இருந்த பெட்டிதானே.
ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்து
வயலெங்கும் மோட்டார்கள் கிளம்ப
ஸ்டெபிலைசர் டொக் டொக்கென்றது, விளக்கு மங்கியது.
கணக்கு நிற்கவில்லை.

நான்கு மணி ஆறு நிமிடம்.

யூனிக்ஸ் மூன்று நேரம் சொல்லும்:
சுவர்க் கடிகாரம் கண்ட நேரம்,
நம் வேலைக்குப் போன நேரம்,
தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம்.
நிர்வாகம் பதினொரு வினாடி.
பணியில் சேர்ந்த நாள்முதல் நான் கேள்விப்படாத எண்.

விடை, 10.6183.
ஓர் இலக்கம் பிசகியிருந்தால்
புதுச் செயலியைச் சந்தேகித்திருப்பேன்.
பிசகவில்லை. தனியாகக் கைதட்டினேன்.

விடிந்ததும் முத்துப்பேட்டைப் பக்கமிருந்து
லஸ்கர் அமலதாஸ்.
"இன்னும் வரலை சார். நாத்தங்கால் வெடிச்சுக் கிடக்கு."
நொண்டி மதகு வழியாக வந்திருக்க வேண்டுமே என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அது இப்ப கல்யாண மண்டபத்துல
கார் நிறுத்துற எடம் சார்."

மூன்று மடங்கு சீக்கிரமாக
அதே வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

வை.கு.வின் நிரலைத் தொடவில்லை.
அளந்து பார்க்க அது அப்படியே இருக்க வேண்டும்.
இன்னொரு நகல் எடுத்தேன். அவர் குறிப்புக்குக் கீழே
ஆங்கில எழுத்தில், தமிழில்,
மதகு இல்லை, அமலதாஸ் சொன்னது
என்று தட்டி, அந்தக் கிளையை அடைத்துவிட்டு
மறுபடி ஓடவிட்டிருக்கிறேன்.

செங்கமலம் காபி வைத்துவிட்டு,
எப்ப முடியும் என்கிறாள்.
தெரியவில்லை.
ஒப்பிட, இதற்கு முந்தைய ஓட்டம் எதுவும் இல்லை.