வரிசையை நேராக்குக

கானோ நகரில் என் வண்டிக்குப் பெயர்
அடைடைட்டா ஸஹு.
வரிசையை நேராக்குக என்று பொருள்.
ஊரைத் திருத்த யாரோ அலுவலகத்தில்
உட்கார்ந்து எடுத்த சொல்,
மஞ்சள் பெயிண்ட் காய்வதற்குள்
எங்கள் மேல் ஒட்டிக்கொண்டது.

மூன்று சக்கரம்.
முன்சக்கரத்துக்கு எப்போதும்
இடப்பக்கம்தான் மனசு.
துணிச்சந்தை வாசலில்
கழுதைக்கும் லாரிக்கும் நடுவே
ஆள் ஒருக்களித்தால் மட்டும் போகும் சந்தில்
மூன்று பெண்களையும் ஒரு தையல் மிஷினையும்
ஏற்றிக்கொண்டு நுழைந்திருக்கிறேன்.
நேர்கோட்டை நான் பார்த்தது
பெட்ரோல் பங்கில்:
மூன்று மணி நேரம்,
நாற்பது அடைடைட்டா,
ஒன்றன் வாலை ஒன்று மோந்தபடி.

சபோன் காரிக்குள் போனால் பெயர் மாறும்.
கருவாடு விற்கும் ஒகேச்சி
"கேக்கே!" என்று கைதட்டுவாள்.
அவள் ஊரில் சைக்கிளுக்கும் அதே பெயராம்.
"உன் நீளப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
வேறு வண்டி வந்துவிடும், ஹமீசு."
போலீஸ்காரர் ரசீதில் எழுதுவது
மூன்று சக்கர வணிக ஊர்தி.
அந்தப் பெயரைக் கேட்டாலே
பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

போன வெள்ளி
பள்ளிவாசல் நிரம்பி
தொழுகை தெருவுக்கு வந்தது.
வண்டியைச் சாக்கடையோரம் ஒதுக்கிவிட்டு
டாஹிருவோடு கடைசி வரிசையில் நின்றேன்.
ஆறு வயது. முதல் முறை.
ஒலிபெருக்கி கரகரத்தது.
வரிசையை நேராக்குங்கள்,
என்றார் இமாம்.

பையன் என் சட்டையை இழுத்தான்.
"பாபா, நம்ம வண்டியக் கூப்பிடுறாங்க."

முன்வரிசையில் ஒரு முதுகு குலுங்கியது.
பக்கத்தில் இன்னொன்று.
தோளோடு தோள் ஒட்டி நின்றதால்
சிரிப்புக்கு வெளியேற வழியில்லை,
ஆள் ஆளாய்த் தொற்றி
தெருக்கோடி பெட்டிக்கடை வரை போனது.
நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
தக்பீர் கேட்டதும் அடங்கிற்று.

ஸலாம் கொடுத்து எழுந்து பார்த்தால்
அந்த முதல் முதுகுக்காரர்
என் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.
"இமாம் கூப்பிட்ட வண்டி இதுதானே?"
"ஆமா," என்கிறான் டாஹிரு,
வியாபாரி போல.
"எங்கே போகணும்?"
"நேரே."

அந்தத் தெருவில் நேரே என்று ஒன்று கிடையாது.
இடப்பக்கம் ஒடித்தேன்.
கிணற்றைச் சுற்றி, ஆடுகளைச் சுற்றி,
பாதி வழியில்தான் உறைத்தது
கூலி பேசவில்லை.