கழுவாமல் கொடுங்கள்

திங்கட்கிழமை கத்தி திரும்பி வந்தது.
செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு,
பச்சைப் பிள்ளையைத் தருவது போல
இரண்டு கையாலும் நீட்டினார் பரஞ்சோதி.

மயில் பிடி. பன்னிரண்டு அங்குலம்.
ஜொகூர் பாருவில் நூற்றுத் தொண்ணூறு வெள்ளிக்கு வாங்கியது.
லாபிஸில் ஐந்து வருடமாக
எந்த மண்டபத்தில் கேக் வெட்டினாலும்
பெரும்பாலும் இதுதான் வெட்டியது,
கிரீமைத் தவிர எதையும் அறுக்கத் தெரியாத
இந்த மொட்டைக் கத்தி.

பிரித்தேன்.
வலது பக்கம் தங்கம்.
இடது பக்கம் வெளுத்துக் கிடந்தது.
நடுவில் உள்ளங்கை நீளத்துக்குச் சாம்பல் நிற நிக்கல்,
அதன்மேலும் வட்ட வட்டமாய்க் கீறல்.

"நல்லா தேச்சுக் கழுவினேன் அக்கா.
பிசுக்கோட குடுத்தா நல்லா இருக்காதுல்ல.
இரும்புப் பஞ்சு போட்டு, ரெண்டு தடவை."

செம்பனை ஆலையில் எடைப்பாலக் குமாஸ்தா.
லோரி ஏறினால் ஒரு கிலோ தவறவிடாத மனிதர்.
தங்கை கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்ததை
ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லாரும் தூங்கியபின்,
வெளிக்குழாயடியில் குந்தி உட்கார்ந்து
தங்கம் போகும்வரை மரியாதை செய்திருக்கிறார்.

முன்பணம் ஐம்பது வெள்ளி என் லாச்சியில் இருந்தது.
திட்ட வாயெடுத்தேன்.
அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பாதியை வைத்துக்கொண்டேன்.
நானும் கடைதானே நடத்துகிறேன்.

பள்ளிக்கூடங்களுக்குப் பரிசுக் கோப்பை விற்கும் ஆ லெக்
ஒரு சின்னக் குப்பி தங்கக் கரைசல் தந்தான், நாற்பது வெள்ளி.
எண்ணெய் இருந்தால் ஒட்டாது, விரல் படக்கூடாது என்றான்.
கல்யாண வீட்டுக் கத்தியில் விரல் படக்கூடாதாம்.

ஆயிரம் நம்பர் உப்புத்தாள், பிறகு இரண்டாயிரம்,
தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரே திசையில்.
கீறல் மங்க மங்க
என் மூக்கு தெரிந்தது, அப்புறம் மூக்குக்கண்ணாடி.
நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் துடைத்தேன்.
பழைய கைப்பேசி சார்ஜரை அறுத்து
கறுப்புக் கம்பி கத்திக்கு,
சிவப்புக் கம்பி பஞ்சு சுற்றிய முனைக்கு.
கையுறைக்குள் விரல்கள் வேர்த்தன.
பஞ்சு போன இடத்தில்
முதலில் தேநீர்க் கறை போல,
பிறகு தேன் போல,
பிறகு பயந்துபோய் நிறுத்தினேன்.

காய்ந்ததும்தான் தெரிந்தது:
பழைய தங்கம் எலுமிச்சை, புதிது கொஞ்சம் சிவப்பு.
வருடக்கணக்கில் தொங்கிய காலண்டரை எடுத்த சுவர் மாதிரி
ஓரம் காட்டிக்கொடுத்தது.

ஆகவே சனிக்கிழமைகளில் நான் ஒரே மாதிரிதான் வைக்கிறேன்,
வலப்பக்கம் கேமராவுக்கு, இடப்பக்கம் ஜோடிக்கு.
அந்த ஒட்டுக்கு நேரே முகம் வைத்துத்தான்
எல்லாரும் வெட்டுகிறார்கள்.
ஒருத்தரும் கேட்டதில்லை.
கேக் வெட்டும்போது யார் கத்தியைப் பார்க்கிறார்கள்?

போன மாதம் பரஞ்சோதி மறுபடி வந்தார்.
தங்கை மகளுக்கு ஒரு வயசு.
"அதே கத்தி இருக்கா அக்கா?"

விளக்குக்கு நேரே பிடித்து
லோரியின் டயரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.
கட்டைவிரல் அந்த ஓரத்துக்கு வந்தது,
தொடவில்லை.
முன்பணமாக நூறு வைத்தார்.
ஐம்பதைத் தள்ளி விட்டேன்.
ரசீதின் அடியில், கொட்டை எழுத்தில்:
கழுவாமல் கொடுங்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தது, பிளாஸ்டிக் பையில்.
மயிலின் கழுத்துவரை நீலக் கிரீம், காய்ந்துபோய்.
ஒரு மெழுகுவர்த்தித் துண்டு.
பையின் வாயிலிருந்து என் ரசீதுப் புத்தகம்வரை
எறும்பு வரிசை.

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.