எண்பத்தேழில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
கீழ்ப்பாக்கத்து லேபில்
யாரோ ஒருவரின் கடைவாய்க்குத் தொப்பி,
யாரோ ஒருவரின் சிரிப்பில் விழுந்த சந்துக்கு அடைப்பு.
இரவில் அயனாவரம், இரண்டாவது மாடி.
அதே டிரில், அதே மெழுகு, அதே குனிந்த கழுத்து.
எண்பத்தேழில் ஒரு பங்காக
மீட்டர்கேஜ் பெட்டிகள்.

இந்தக் கணக்கில்
எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி ஏழரை கிலோமீட்டர் சொச்சம்.
என் சமையலறையில் கிளம்பினால்
மெரினா மணலில் போய் நிற்கும் போட் மெயில்.
கடல் மட்டும் முழு அளவில்.

புயலில் போன வண்டியைச் செய்து தருவீர்களா என்று
மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்.
மாட்டேன் என்கிறேன்.
ஏன் என்றால், பித்தளைத் தகடு விலை ஏறிவிட்டது.

பற்களுக்கு நிற அட்டை உண்டு:
பதினாறு வெள்ளை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
அந்தக் காலத்து மெயிலின் சிவப்புக்கு இல்லை.
கிடைத்த புகைப்படமெல்லாம் கறுப்பு வெள்ளை.
மாதுளைத் தோல் என்றார் பெரம்பூர் ஆல்வின்.
கிடையாது, கல்லீரல் என்றார் அவர் மனைவி,
கறிக்கடையில் தொங்குமே, அது.
இரண்டையும் கலந்து அடித்தேன்.
மேலே ஒரு சிட்டிகை கரித்தூள்,
எஞ்சின் முன்னால் இருந்ததற்கு அத்தாட்சியாக.

அமலோற்பவம் வந்த ஞாயிற்றுக்கிழமை
கரண்ட் இல்லை.
கொளத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் என் படிகள்.
தண்ணீர் வேண்டாம், பெட்டி எங்கே என்றார்.

மூன்றாம் வகுப்பு.
இரண்டு மாத வேலை.
பலகை இருக்கையில் மரத்தின் ரேகை வரைக்கும் கீறியிருந்தேன்.
பால்கனி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்.
பிறகு,
கம்பி ஏன் வைத்தாய்?

வரைபடத்தில் இருக்கிறதே அம்மா.
எந்த வருஷத்துப் படம்?
அறுபத்தெட்டு.
நான் ஏறினது அறுபத்தொன்று.
கம்பி இருந்திருந்தால் எப்படி ஏறியிருப்பேன்?

விழுப்புரத்தில் வண்டி நின்றது கொஞ்ச நேரம்தான்.
வாசலை ஒரு கல்யாணக் கோஷ்டி அடைத்துக்கொண்டிருந்தது,
அண்டா, குத்துவிளக்கு, தூங்குகிற பிள்ளைகள்.
மறுநாள் காலை பத்து மணிக்கு
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர வேண்டும்.
டிரங்குப் பெட்டியை ஜன்னல் வழியாகத் தள்ளினேன்.
அதன் பின்னால் என்னைத் தள்ள ஆளில்லை.
உள்ளேயிருந்து ஒரு கை வந்தது.

யாருடையது?
தெரியாது. உள்ளே ஒரே இருட்டு.
வலதா, இடதா?
பிடித்தது தெரியும்.
வளையல் இருந்ததா?
நான் பெட்டியைத்தானே பார்த்தேன்!

நான்காவது ஜன்னலின் கம்பிகளை அறுத்தேன்.
ஒவ்வொன்றும் தலைமுடி கனம்,
ஒவ்வொன்றையும் பற்றவைக்க ஒரு மாலை பிடித்திருந்தது.
ஆட்களை உட்கார வைக்க வேண்டாம் என்றார்,
அந்தக் கை மட்டும் போதும்.

முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஐந்து மில்லிமீட்டர்.
பொய்ப்பல்லின் ஈறு செய்து மிஞ்சிய
இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் செதுக்கி
மாநிறம் பூசினேன்.
பெண் கையா ஆண் கையா என்று
இந்த அளவில் யாருக்கும் தெரியாது.
கட்டைவிரலை மட்டும் விரித்து வைத்தேன்,
பிடிக்கப் போகிற கை அப்படித்தான் இருக்கும்.

காசை எண்ணிக் கொடுத்தார்.
பெட்டியைப் பருத்திப் புடவைத் துணியில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் போன்.
எல்லாம் சரி, நிறம்கூடச் சரி,
ஆனால் கை இன்னும் கொஞ்சம்
வெளியே நீள வேண்டும் என்றார்.
நான் குள்ளம்.