கழிவு போக

வெங்காயம் நிறுக்கிற தராசில்
வெண்டுலாவின் பெட்டியை வைத்தேன்.
விடியாத நாலரை மணி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில்
நாசிக் லாரி இன்னும் தார்ப்பாய் பிரிக்கவில்லை.
இருபத்தேழு கிலோ இருநூறு.
விமானத்தில் இருபத்து மூன்றுதான் விடுவார்கள்.

சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பது எங்கள் வழக்கம்.
ஈரத்துக்கு, அழுகலுக்கு, தரகுக்கு என்று
ஊரான் சரக்கில் கழித்தே இருபது வருடம் பிழைத்தவன்,
திறந்த பெட்டிக்கு முன்னால்
எதில் கை வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

தோளில் மூட்டைக் கொக்கியோடு ஒச்சு வந்தான்.
"வெண்டக்கா கெளம்பிருச்சா?"
பத்து மாதம் முன்பு பெயரைச் சொன்ன அன்றே
மார்க்கெட் அவளை அப்படித்தான் கொள்முதல் செய்தது.
காயா, அக்காவா என்று கேட்டாள் அப்போது.
ரெண்டுந்தான் என்றான் ஒச்சு.

முதலில் சீருடை இரண்டு செட்டை எடுத்தாள்.
பிறகு ஷூ.
பிறகு, வந்த அன்று போட்டிருந்த கம்பளிக் கோட்டு.
பெருங்குடி ஏர்போர்ட் வாசலில்
ஆகஸ்ட் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்றாளே,
தங்கபுஷ்பம் பேசிய முதல் வார்த்தையே
"கழட்டு தாயி."
"குளிர் ஊருக்குப் போறவ கோட்ட வச்சுட்டுப் போறியே?"
"அங்க வேற வாங்கலாம்ப்பா."
யானைமலையில் பொறுக்கிய கல்லைத் தொட்டேன்.
"அது வேணாம், அது வேணாம்" என்றாள்.

இன்னும் நானூறு கிராம் நின்றது.
பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து
தூக்குச்சட்டியில் கொட்டினாள் தங்கபுஷ்பம்,
தராசுப் பக்கம் திரும்பாமல்.
சரியாக நானூறு.

நேற்று ராத்திரி அங்கிருந்து கயல் கூப்பிட்டாள்.
நாளை மறுநாள் அவளும் கிளம்புகிறாள்,
இவள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு.
அங்கயற்கண்ணி அவர்கள் வாயில் நுழையாமல்
அங்கி ஆகியிருக்கிறாள். போகட்டும்.
அவளுக்கும் பெட்டி கனமாம்.
அந்த ஊரில் ஏது மண்டித் தராசு?
இவளுடைய அப்பா, ஓத்தகர் என்று பெயர்,
குளியலறை எடை மெஷினில்
பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாராம்.
வந்த எண்ணில்
தன்னைக் கழித்துக்கொண்டாராம்.
மூன்று தரம் ஏறினார், மூன்று தரமும் வேறு எண்,
அவருக்குக் கை நடுங்குதுப்பா என்று
சிரித்தபடி சொன்னாள் மகள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
முகம் பார்த்திராத அந்த மனுசனிடம்
ஒரு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது.
என்ன பாஷையில் பேச?

ஒன்று போகிறது, ஒன்று வருகிறது.
பண்டமாற்றில் நஷ்டமில்லை என்றுதான்
அவனியாபுரம் தாண்டும்வரை
எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

வாசலில் துப்பாக்கிக்காரர் டிக்கெட் பார்த்தார்.
எங்களைத் தடுத்தார், அவளை விட்டார்.
வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு
"சில்லறை வச்சுருக்கியா" என்று கேட்டேன்.
வைத்திருந்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்
எதையோ சொன்னாள். உதடு மட்டும் தெரிந்தது.
'வர்றேன்' என்றாள் என்கிறாள் தங்கபுஷ்பம்.
எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் தர்க்கம் பண்ணவில்லை.

அன்றைக்கு மண்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன்.
கோட்டு தொங்கிய ஆணி வளைந்திருந்தது.
பத்து மணிக்குத் தெருவில் தள்ளுவண்டிக்காரர்
கத்திரிக்கா, அவரக்கா என்று வந்து
வெண்டக்கா என்று கூவினார்.
கூவிவிட்டு, வழக்கம்போல,
எங்கள் வீட்டு முன்னால் கொஞ்சம் நின்றார்.
தினமும் உள்ளிருந்து
"என்னண்ணே?" என்று ஒரு குரல் கேட்கும்.

தங்கபுஷ்பம் எழுந்து போனாள்.
மண்டிக்காரன் பெண்டாட்டி
வண்டியில் காய் வாங்கி நான் பார்த்ததில்லை.
விலை கேட்கவில்லை, முனை ஒடித்துப் பார்க்கவில்லை.
முந்தானையை விரித்தாள்.
ஒரு கிலோ முற்றல் வெண்டைக்காய்.